ஐந்தாம் தொட்டியின் பட்டினி

நிக்காசியோவுக்கு எந்த உயிரையும் பசியோடு பார்க்கச் சகிக்காது. தொழிற்சாலை வாசலில் கிடக்கும் நாய்களுக்கு அவனுடைய மதியச் சாப்பாட்டில் நிரந்தரப் பங்கு உண்டு. டீசல் கொண்டுவரும் லாரிக்காரர், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று மாதாவின் மேல் சத்தியம் செய்தாலும் அவர் கையில் ரொட்டியையும் வெண்ணெய்ப்பழத்தையும் திணிக்காமல் விடமாட்டான். அப்படிப்பட்டவனுக்குக் கடவுள் வேலை பார்த்துக் கொடுத்த இடத்தைப் பாருங்கள்: ஓர் உயிரைப் பட்டினி போட்டே பிழைக்கிற இடம்.

பாசியைத்தான் சொல்கிறேன். பீக்கா என்ற ஊருக்குப் போகும் சாலையில், மரங்கள் முடிந்து வெறும் உப்புத்தரை தொடங்குகிற இடத்தில் நீள நீளமாக ஐந்து தொட்டிகள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசிக்கு முதலில் வெடியுப்பும் மற்ற உரங்களும் போட்டு வளர்ப்பார்கள். தொட்டித் தண்ணீர் கடைந்த கீரை போல ஆகிவிடும். பிறகு ஒருநாள் ஊட்டுவதை அடியோடு நிறுத்தி, பாலைவன வெயிலில் அப்படியே காயவிடுவார்கள். பசியும் வெயிலும் தாங்காமல் ஒவ்வொரு உயிரணுவும் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே ஒரு சிவப்பைச் சேர்க்கும். அந்தச் சிவப்புக்குத்தான் விலை. தெற்கே வளர்க்கிற சால்மன் மீனின் சதைக்கு நிறம் வருவது அதனால்தான். மாத்திரைக்காரர்களும் முகப்பூச்சுக்காரர்களும் அதற்குத்தான் போட்டி போடுகிறார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்தப் பாசிக்குப் பசி வந்தால்தான் பவிசே வருகிறது.

தொட்டித் தண்ணீரை ஓயாமல் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள், பம்புகள், மோட்டார்கள் நிக்காசியோவின் பொறுப்பு. தண்ணீருக்குள் இருப்பது அவன் மனைவி சுனில்தாவின் பொறுப்பு. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்து, எந்தத் தொட்டிக்கு எப்போது ஊட்டுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்பவள் அவள். "வெளியே சுத்துறது அண்ணன், உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சது அண்ணி. வீட்லயும் அப்படித்தானே?" என்று அறுவடைக் கொட்டகையில் வேலை பார்க்கும் பிரிஸ்கா கேலி செய்வாள். நிக்காசியோ மறுத்ததில்லை.

நான்கு தொட்டிகளில் இருந்தது வெளிநாட்டிலிருந்து கண்ணாடிக் குழாயில் வந்த பாசி. ஐந்தாம் தொட்டியில் இருந்தது சுனில்தாவின் சொந்தப் பாசி. மலைமேல் இஸ்லுகாவில் அவள் அம்மா வீட்டு லாமாப் பட்டியில், விலங்குகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்று உண்டு. வறண்ட காலத்தில் அதன் அடியில் ஒரு சிவப்பு படியும். துருவென்று நினைத்து ஊரே அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தது. கல்லில் துரு எப்படி வரும் என்று கேட்டவள் சுனில்தா ஒருத்திதான். கத்தியால் சுரண்டி, காலி ஜாம் புட்டியில் போட்டு எடுத்து வந்தாள். பிறகு பல வருஷம் அது அவர்கள் சமையலறை ஜன்னலில் குடுவை குடுவையாகப் பெருகியது. நிக்காசியோவின் ரேடியோவுக்கு ஜன்னலில் இருந்த இடம் போயிற்று. தக்காளிச் செடி போயிற்று. "உங்க அம்மாவையே கூட்டிட்டு வந்திருக்கலாம், இதைவிடக் கொஞ்ச இடந்தான் அடைச்சிருப்பாங்க" என்று அவன் முணுமுணுப்பான். ஆனால் அவள் ஊருக்குப் போன நாட்களில் குடுவைகளை வெயில் பார்த்துத் திருப்பி வைத்ததும் அவன்தான்.

தொழிற்சாலையை நடத்தும் தோன் எவரிஸ்தோ (தோன் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா) மழை ஓயாத தெற்குத் தீவிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். வெயிலைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் திட்டுவார். சுனில்தா வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"இந்தக் கோடைக்கு அஞ்சாந்தொட்டி உங்களுது, சுனில்தா. கார்னிவல் திருநாள் முடிஞ்சு அடுத்த வாரம் தெற்கிலேருந்து வாங்குறவங்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி செவந்து நின்னுச்சுன்னா, எல்லாத் தொட்டியிலயும் உங்க பாசியையே விடுறேன். நிக்கலைன்னா கழுவிட்டுப் பழசையே விட்டுருவோம். ரெண்டாந்தரம் கேக்கக் கூடாது."

அதனால் அந்தக் கோடை முழுக்க சுனில்தாவுக்குப் பேச்சும் மூச்சும் ஐந்தாம் தொட்டிதான். பச்சை நன்றாக ஏறியது. ஊட்டுவதை நிறுத்தினாள். கார்னிவலுக்கு முந்திய வாரம், ஒரு மதியம், சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தினாள்.

"பாரு கெழவா, ஓரத்துல பாரு. செங்கல் நிறம் தட்டுது!"

நாற்பதைத் தாண்டியவுடனே ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் கிழத்தனம் ஒன்றும் கிடையாது, கொஞ்சல்தான்.

"எனக்கு என்னமோ வாடிப்போன மாதிரி இருக்கு" என்றான் நிக்காசியோ.

"வாடணும். வாடுனாத்தான் செவக்கும்."

"ஒரு வாய்கூடக் கெடையாதா?"

"நீ உன் வாயை மூடிட்டுச் சக்கரத்தை ஓட்டு. அது போதும் அதுக்கு."

கார்னிவல் செவ்வாய் வந்தது. அன்றைக்கு நமக்காக உழைக்கிற எதையும் வெறும் வயிற்றோடு விடக் கூடாது. வீட்டுக்கு ஊட்ட வேண்டும், பூமிக்கு ஊட்ட வேண்டும், காருக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஊட்ட வேண்டும். மலைக்காரர்களான எங்களுக்கு அன்று எதுவாவது பசித்திருந்தால், வருஷம் முழுக்க அந்தப் பசி நம்மைத் துரத்தும். தொழிற்சாலையிலும் மோட்டார்களுக்குக் கலர் காகிதச் சுருள் சுற்றி, பம்புகளின் தலையில் காகிதத் துகளைத் தூவி, காலடியில் பீரும் கோகா இலையும் வைத்தார்கள். தோன் எவரிஸ்தோவின் தலையிலும் பிரிஸ்கா ஒரு கை துகளைக் கொட்டினாள். அவர் பீர்க் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, வருஷா வருஷம் சொல்வதையே சொன்னார்:

"பம்புக்குக் குடுங்க, மோட்டாருக்குக் குடுங்க, எனக்கும் குடுங்க, வேண்டாங்கல. தொட்டிக்குள்ள மட்டும் ஒரு துளி விழக் கூடாது. விழ வச்சவங்க யாரா இருந்தாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நிக்காசியோ மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினான். பிறகு எல்லோரும் ஊருக்குள் ஆட்டத்துக்குக் கிளம்பினார்கள். சுனில்தாவையும் பிரிஸ்கா இழுத்துக்கொண்டு போனாள். சக்கரங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும், நிக்காசியோ இருந்தான்.

தனியாக இருக்கிற நல்ல மனதைப் போல ஆபத்தானது ஒன்றும் கிடையாது. அவன் தொட்டி தொட்டியாக நடந்தான். சக்கரங்களெல்லாம் காகிதச் சுருளோடு குஷாலாகச் சுற்றின. ஐந்தாம் தொட்டிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. ஊரே தின்கிறது, ஆடுகிறது. இது மட்டும் வெயிலில் வாடிக் கிடக்கிறது. மற்ற நான்கும் வெளிநாட்டுச் சரக்கு, அதுகளுக்குக் கார்னிவலும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது. இது அப்படியா? இது இஸ்லுகாப் பிள்ளை. மாமியார் வீட்டுப் பட்டியில் பிறந்து, வருஷா வருஷம் கார்னிவலுக்குக் கல்தொட்டியில் மாமியார் ஊற்றும் சோளக் கள்ளைக் குடித்து வளர்ந்தது. இன்றைக்கு எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அது நினைக்காதா? நாளைக்குச் சிவக்க வேண்டிய நேரத்தில் மனம் கோணினால் சுனில்தாவின் கதி என்ன?

கள் ஊற்றக் கூடாது, தொட்டி அழுகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது, அதற்கு மேல் இல்லை. சுத்தமான உணவாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கிடங்கில் வெடியுப்பு இருந்தது. கம்பெனியே அதற்குப் போட்டு வளர்த்த சாப்பாடுதான். ஒரு பிடி, சும்மா வாய்க்கு ருசியாக ஒரே ஒரு பிடி.

ஒரு பிடி போட்டான். அவ்வளவு பெரிய தொட்டியில் அது விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டு உப்பை மட்டும் நாக்கில் தடவியது போல ஆயிற்று. கார்னிவல் அன்று கை இறுகினால் கொடுக்காததைவிட மோசம் என்று அவன் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். பிரித்து வைத்திருந்த அரை மூட்டை மீதி இருந்தது. அதைத் தோளில் தூக்கிவந்து, கரையோடு நடந்து நடந்து, வாயில் ஒரு பாட்டோடு, முழுவதையும் தூவி முடித்தான். காலி மூட்டையை உதறி மடித்து வைத்தான். மனசு நிறைந்துவிட்டது. மாலையில் ஆட்டத்துக்குப் போய் மனைவியோடு வேர்க்க விறுவிறுக்க ஆடினான்.

புதன்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை காலை சுனில்தா கரைக்குப் போனபோது ஐந்தாம் தொட்டி பச்சையாக இருந்தது. பளபளவென்று, புது நெல் நாற்றைப் போல.

மாதிரித் தண்ணீரை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஓடு கட்டியிருந்த சிவப்பு உயிரணுக்களெல்லாம் உடைந்து, உள்ளேயிருந்து பச்சைக் குஞ்சுகள் நீந்திக்கொண்டு வெளியே வந்திருந்தன. தண்ணீரைச் சோதித்தாள். வெடியுப்பு இருந்தது, நிறைய இல்லை, ஆனால் இருந்தது. தோன் எவரிஸ்தோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் படித்தார்.

"நீங்க நிறுத்துறப்ப மிச்சம் விட்டிருக்கீங்க சுனில்தா. இல்லைன்னா உங்க பாசிக்கு நிலையா நிக்கத் தெரியல. ஒண்ணு உங்க கை, இல்ல உங்க பாசி. எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை தொட்டியைக் கழுவணும்." அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

நிக்காசியோ கதவருகே கிரீஸ் டப்பாவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவது எல்லோருக்கும் நடப்பதுதான்; ஆனால் அந்தக் குரங்கு தன் மனைவியின் இத்தனை வருஷத்து ஆசையின் மேல் ஏறி உட்காரும் என்று எவன் எதிர்பார்ப்பான்? சொல்ல வாயைத் திறந்தவன், மெதுவாகப் பின்வாங்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பைக் கழற்றிப் பழுது பார்க்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமையும் போயிற்று. சுனில்தா சண்டை போட்டிருந்தால், அழுதிருந்தால், அவன் எப்படியாவது சமாளித்திருப்பான். அவள் டீயைக் குடித்தாள், ரொட்டியைப் பாதியில் வைத்தாள், தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் கடையிலிருந்து திரும்பியபோது அவள் சமையலறையில் குழாயடியில் நின்றாள். ஜன்னலில் குடுவைகள் குறைந்திருந்தன. கையில் இருந்ததன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"கழுவுறேன். உன் ரேடியோவைக் கொண்டாந்து வச்சுக்க, கெழவா. எல்லாரும் துருன்னு சொன்னாங்க, துருன்னே விட்டிருக்கலாம்."

நிக்காசியோ வாங்கிவந்த உருளைக்கிழங்கைத் தரையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் போட்டேன்."

"என்னத்தை?"

"வெடியுப்பு. செவ்வாக்கெழமை. அது மட்டும் பட்டினியா கெடந்துச்சு சுனி. நம்ம ஊர்ப் புள்ளை... ஒரு புடி போடலாம்னுதான் போனேன். ஒரு புடின்னா கஞ்சத்தனமா இருந்துச்சு."

"எவ்ளோ போட்ட?"

"அரை மூட்டை."

அவள் முதலில் கைத்துணியால் அடித்தாள். பிறகு வெறுங்கையால் அடித்தாள், தோளில், முதுகில், எங்கே பட்டதோ அங்கே. அவன் நகரவில்லை. அடித்து ஓய்ந்து, கீழே உருண்டு கிடந்த உருளைக்கிழங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மூன்று நாளாக வராத அழுகையை அழுதாள்.

"என் கையின்னு நெனச்சேன்டா, பாவி! என் கைக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். இத்தனை வருஷம் அளந்த கை, எப்படித் தப்புச்சுன்னு ராத்திரியெல்லாம் அதையே பாத்துட்டுக் கெடந்தேன். நீ பக்கத்துலயே குறட்டை விட்டுட்டுக் கெடந்த!"

"குறட்டை விடல. முழிச்சுட்டுத்தான் கெடந்தேன்."

"அது இன்னும் மோசம்!"

மறுபடி ஓர் அடி விழுந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

"அரை மூட்டையையுமா? வியாழக்கிழமைக்குள்ள அவ்வளவையும் தின்னுட்டு, கொஞ்சந்தான் மிச்சம் வச்சுச்சா?"

"நம்ம ஆளுல்ல? நல்லாச் சாப்பிடும்."

"வாயை மூடு. உன்கிட்ட நான் பேசவே இல்லை." ஆனால் அவள் முகத்தில், அழுகைக்கு அடியில், பெற்றவளுக்கு வருகிற ஒரு கர்வம் எட்டிப் பார்த்ததை அவன் கண்டான். அப்போது அவள் மேல் அவனுக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் தீர்மானமாகச் சொன்னாள். "தோன் எவரிஸ்தோகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. என் கைத்தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். நீ சொன்னா அவரு உன்னை அனுப்பித்தான் ஆகணும், எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. இந்தப் பாலைவனத்துல நீ இல்லாம நான் எந்தத் தொட்டியைப் பாத்து என்ன ஆகப்போகுது? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கேட்டதென்னவோ உண்மைதான். திங்கட்கிழமை காலை, சுனில்தா ஆய்வுக்கூடத்து விளக்கைப் போடுவதற்கு முன்னால், நிக்காசியோ தோன் எவரிஸ்தோவின் அறையில் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"தோன் எவரிஸ்தோ, கையிலயும் தப்பில்ல, பாசியிலயும் தப்பில்ல. தப்பு என் மேல. திருநாளாச்சேன்னு அரை மூட்டை ஊட்டிட்டேன்."

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கிடங்குக்குப் போய், அவன் ஒழுங்காக மடித்து வைத்திருந்த காலி மூட்டையைப் பார்த்து நம்பினார். நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"ஏன்யா சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே."

"அவ கையைக் குத்தம் சொன்னீங்களே. அது தப்பான கை இல்ல."

"கோப்பையைத் தூக்கிக்கிட்டு எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தைய்யா அது. உங்களுக்காக முழுங்கினா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?"

"முழுங்க வேணாம். தொட்டியை மட்டும் கழுவாதீங்க. வாங்குறவங்களைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்க. இன்னொரு தடவை பட்டினி போட்டுப் பாருங்க. இந்தத் தடவை ஊட்டுறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

தோன் எவரிஸ்தோ சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், வெயில் என்று சொல்லிக்கொண்டார். தொட்டியைக் கழுவுவதில்லை என்று வாக்குக் கொடுத்து, வாசல்வரை வந்து அவனைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். நாய்கள் சாலைவரை கூடவே ஓடிவந்தன. பிரிஸ்கா கொட்டகை வாசலில் நின்று, "அண்ணே, உன்னை மாதிரி ஒரு முட்டாளை நான் கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

நிக்காசியோவுக்கு பீக்காவில் எலுமிச்சை கட்டி அனுப்பும் கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. காயைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி குறைவு. சுனில்தா அவனோடு பேசவில்லை. அரை மூட்டையை எப்போதோ மன்னித்துவிட்டாள். சொல்லாதே என்று சொல்லியும் போய்ச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தட்டில் சோறு இருக்கும், பக்கத்தில் இறைச்சி இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. "உப்பு பத்தலையா?" என்றுகூடக் கேட்கமாட்டாள். தொட்டியைப் பற்றி அவனும் கேட்கவில்லை. வேலி தாண்டி உள்ளே போகிற உரிமை போய்விட்டது, கேட்கிற உரிமையும் அதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டான். காலையில் கம்பெனி வண்டியில் ஏறும்போது அவள் வானத்தைப் பார்ப்பாள், அவனும் பார்ப்பான். மேகம் இல்லையென்றால் இருவருக்கும் நிம்மதி.

ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்து, சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சுனில்தா வெயில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். வலதுகையின் சட்டை முழங்கைவரை நனைந்து ஈரமாக இருந்தது. ஈரமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"செவந்துருச்சு" என்றாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்குறவங்க வந்து பாத்தாங்க. பேச்சே வரல அவங்களுக்கு. தோன் எவரிஸ்தோ எல்லாத் தொட்டியையும் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அஞ்சுலயும் நம்முதுதான்." ஈரக்கையை அவன் பக்கம் நீட்டினாள். "நீ பாத்திருக்கணும் கெழவா. நீதான் பாக்கல. கரையில நின்னு எல்லாரும் கைதட்டுறாங்க, நான் உன்னையத் தேடுறேன். பாத்திரம் இல்லாம கையை விட்டு அப்படியே அள்ளிட்டேன், உனக்குக் காட்டணும்னு."

நிக்காசியோ எழுந்துவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். விரலிடுக்குகளிலும் நகக்கண்களிலும் அது ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தான். சுனில்தா அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

"ரொம்பப் பசிச்சிருக்கும், இல்ல?" என்றான் மெதுவாக.

சுனில்தாவுக்கு அவனை அடிப்பதா, என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஆமா கெழவா. ரொம்பப் பசிச்சுச்சு."

"பாவம்" என்றான் நிக்காசியோ.

அவள் அந்த ஈரக்கையோடேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் சட்டைக் காலர் நாசமாகப் போயிற்று.